ஜன்னலோர மிஷின்

— அதை மட்டும் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா, புள்ள?

— சொன்னீங்க. நானும் தொடாமத்தான் வச்சிருந்தேன். இன்னைக்குத் தொட்டாச்சு. பக்கத்து மூடி கழண்டு கட்டில் மேல கெடக்கு. கத்தார்ல உக்காந்துக்கிட்டு சத்தம் போட்டா மூடி தானா போயி ஒட்டிக்கிருமா?

— ஜன்னலோர மிஷினையா கழட்டுன? நெசமாவே அதையா?

— வேற எதைக் கழட்ட? மத்த அஞ்சும் ஊருக்குள்ள ஓடிக்கிட்டு இருக்குல்ல.

— அஞ்சுமா? ரெண்டுன்னுதானே சொன்ன, மேகலை?

— அது போன சித்திரையில சொன்னது. அதுக்கப்புறம் எம்புட்டோ ஆகிப்போச்சு. அன்னக்கொடி மதினி வீட்டு ஃப்ரிட்ஜுக்குள்ள ஒரு காத்தாடி சுத்துது, அது வாசப்படி மிஷினோடது. பெரியண்ணன் மாமா வீட்டு டிவி பொட்டிக்குக் கரண்டு குடுக்குறது நடு மிஷினுக்குள்ள இருந்த டப்பா. ஒயரெல்லாம் ரைஸ் குக்கருக்குப் போயிருச்சு. கம்ப்யூட்டர் ஒயரு குக்கர் பொந்துல அளவெடுத்த மாதிரி உக்காருதுங்க. கவுஞ்சியில பாதி வீட்ல சோறு வேகுறதே உங்க ஒயர்லதான்.

— நெட் சென்டருக்குன்னு ஆசையா வாங்கிப் போட்ட சாமான் புள்ள அதெல்லாம். கொடைக்கானல்ல பள்ளிக்கூடத்துல பழசைக் கழிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு ஓடுனேன். முட்டக்கோஸ் எறக்கிட்டுத் திரும்புற லாரியில காலிச் சாக்கை மெத்தையா விரிச்சு, பூம்பாறை வளைவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மானிட்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்து வந்தேன். பச்சப்புள்ளயக் கூட ஒருத்தன் அப்படித் தூக்கிட்டு வரமாட்டான்.

— பச்சப்புள்ளன்னதும் ஞாபகம் வருது. இங்க நெசமாவே ஒரு பச்சப்புள்ள குளிக்காமக் கெடக்கு. அதுக்குத்தான் இந்தப் பாடு.

— யாரு வீட்ல?

— நம்ம பொன்னுத்தாயக்கா வீட்ல. மருமக சுகன்யா நேத்துத்தான் ஆஸ்பத்திரியில இருந்து புள்ளயோட வந்து எறங்குனா. வந்த நேரம் பாத்து அவுங்க கரண்டு அடுப்பு மண்டையப் போட்டுருச்சு. சிலிண்டர் வண்டி இந்த வாரம் மேல ஏறல. அவுங்க வீட்லயும் கேஸ் இல்ல, நம்ம வீட்லயும் இல்ல. வெறகு மழையில ஊறிக் கெடக்கு, ஊதுனா பொகைதான் வருது. பொறந்த புள்ள இருக்குற வீட்ல பொகையப் போட முடியுமா?

— நம்ம கெட்டிலக் குடுக்கலாம்ல?

— நேத்துல இருந்து அதுலதான் கொதிக்க வச்சுக் கொண்டு போயி ஊத்துறேன். அது புடிக்கிறதே ஒரு சொம்பு, ஒரு தடவ கொண்டு போறதுக்குள்ள முந்தி ஊத்துனது ஆறிப்போகுது. இங்க குளிரு எப்படி இருக்குன்னு உங்களுக்கு மறந்திருக்கும். பேசுனா வாயில பொகை வருது.

— மறக்கல. இங்க ஏசியில கூட எனக்கு அதுதான் நெனப்பு. சரி, அடுப்புல கோளாறு என்னன்னு பாத்தியா?

— சட்டி வச்சா சூடாகுது, கொஞ்ச நேரத்துல கீ கீன்னு கத்திட்டு நின்னுருது. அடியில கழட்டிப் பாத்தேன். உள்ள இருக்குற காத்தாடி எறுகிப் போச்சு. விரலால சுத்துனாக்கூட நகர மாட்டேங்குது. கொழம்பு பொங்கி வழிஞ்சு உள்ள எறங்கிக் காஞ்சிருக்கு. காத்தாடியத் தூக்கி மோந்து பாத்தா கருவாடு மணக்குது.

— கெப்பாசிட்டர்ல கை வச்சுராத, புள்ள. சுவிட்சப் புடுங்கிட்டாலும் அதுக்குள்ள கரண்டு நிக்கும்.

— குண்டு பல்பை வச்சு அதை எறக்கியாச்சு. ஆரு கிட்டச் சொல்றீங்க?

— முந்தி நான் சொல்லித்தான் உனக்கு ஸ்க்ரூ எந்தப் பக்கம் திருகணும்னே தெரிஞ்சுச்சு. சொல்றேன் கேளு, அதையும் மறந்துறாத.

— மறக்கல. நீங்க போன புதுசுல மிக்சி நின்னுச்சு. அதைக் கொடைக்கானல் கொண்டு போயி, கடைக்காரன் நாளைக்கு வாங்கன்னு சொல்லி, மறுபடி பஸ் ஏறி, அதுலயே ரெண்டு நாள் சோலி போச்சு. திரும்பி வந்து ஓட்டுனா மறுநாளே நின்னுருச்சு. அப்பத்தான் உங்க ஸ்க்ரூ டிரைவர் டப்பாவ எடுத்தேன். கோவத்துல எடுத்தது. தொழில் பழகணும்னு எடுக்கல.

— இப்ப ஊரே உன்னைத் தேடி வருதாக்கும்.

— வெள்ளனே வந்து வாசல்ல நிக்குதுங்க. கூக்கால்ல இருந்து ஒரு அம்மா ஹீட்டரத் தூக்கிக்கிட்டு ஜீப்புல வந்துச்சு போன வாரம். அட, இதென்னங்க இது...

— என்னாச்சு? ஷாக்கா?

— இல்லைங்க. மிஷினுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன். அம்புட்டும் பூண்டுத் தொலி. மெத்தை மாதிரி அடைஞ்சு கெடக்கு.

— பூண்டுத் தொலியா?

— ஆமா. பக்கத்து ரூம்லதானே அப்ப பூண்டு காயப்போட்டிருந்தோம். இந்தக் காத்தாடி ஓடுன காலமெல்லாம் அதைத்தான் இழுத்து உள்ள போட்டுருக்கு.

— வாசம் வருதா புள்ள?

— லேசா வருது.

— கொஞ்சம் நல்லா மோந்து பாரேன். எப்படி வருது?

— என்னங்க நீங்க, சின்னப்புள்ள மாதிரி. தூசி வாசம். சூடான தூசி வாசம். அப்புறம் காஞ்ச பூண்டு. சென்டர்க் கதவைக் காலையில தெறந்தா மொதல்ல ஒரு வாசம் வருமே, அது.

— ம்.

— என்ன, வாசம் அங்க வரைக்கும் வருதாக்கும்?

— வருது. அந்த மிஷின்லதான் நீ வந்து உக்காந்த. நீலப் பிளாஸ்டிக் சேரு. ஒரு கால் ஆடும். நீ போட்டிருந்த தாவணி கூட எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது.

— தாவணியா! நான் போட்டிருந்தது சுடிதாருங்க. பச்சை சுடிதாரு, அதுவும் எங்க அக்காளோடது. வேற எவளையோ நெனச்சுக்கிட்டு என்கிட்டப் பேசாதீங்க.

— சுடிதாரா? நெசமாவா?

— நெசமாத்தான். வில்பட்டியில இருந்து லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். பிளஸ் டூ ரிசல்ட்டு அன்னைக்கு. உங்க சென்டர் வாசல்ல நாப்பது ஐம்பது புள்ளைங்க செருப்ப விட்டுட்டு நின்னுச்சுங்க.

— நெட்டும் அப்ப லேசுல வராது. போன் கம்பத்தக் காட்டுமாடு சாச்சுட்டுப் போயி, அதுக்கு மொத நாள்தான் நிமித்தி வச்சிருந்தாங்க. பேஜு வரி வரியாத்தான் எறங்குச்சு.

— மொதல்ல என் பேரு வந்துச்சு. அப்புறம் தமிழு. அப்புறம் இங்கிலீசு. பிசிக்ஸ் வர்ற நேரம் பொசுக்குன்னு கரண்டு போச்சு. எனக்குப் பயமே பிசிக்ஸ்தான். நீங்க பெரிய மனுசன் மாதிரி எந்திரிச்சு வந்து, 'பாஸுங்க, அணையிறதுக்கு முன்னாடி நான் பாத்துட்டேன்'னு சொன்னீங்க.

— நீ அழுதுருவ போல இருந்துச்சு. அதான்.

— பாக்கவே இல்லைல?

— எங்க பாத்தேன். நான் உன்னையில்ல பாத்துக்கிட்டு இருந்தேன்.

— அன்னைக்கே எனக்குத் தெரியும். பொய் சொல்லும்போது உங்க காது செவந்துரும். அதுக்குத்தான் நான் எந்திரிச்சுப் போகாம கரண்டு வர்ற வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தேன். உங்கம்மா உருளைக்கிழங்கு அவிச்சு உப்புப் போட்டுக் குடுத்தாங்க. நான் தின்னுக்கிட்டே உங்க மானிட்டர் மேல தொலியெல்லாம் வச்சேன். ஒரு வார்த்தை சொல்லல நீங்க.

— வேற யாராவது வச்சிருந்தா அன்னைக்கே சண்டைதான்.

— சரி, சரி. காத்தாடியக் கழட்டிட்டேன். நாலு ஸ்க்ரூதான். ஒண்ணு துருப்புடிச்சுத் தலை மழுங்கிப் போச்சு, குறட்டப் போட்டுத் திருகுனேன். விரல்ல தட்டுனா நல்லா சுத்துது. இத்தனை வருசத்துக்கு அப்புறமும் சத்தமில்லாம சுத்துது பாருங்க.

— சுத்தும். அப்பத்த சாமான். புள்ள, நான் ஒரு விசயம் சொல்லத்தான் கூப்பிட்டேன்.

— சொல்லுங்க.

— நீ மொதல்ல அதை முடி.

— கை அது பாட்டுக்குச் செய்யும், காது சும்மாத்தானே கெடக்கு. சொல்லுங்க. இந்நேரம் நீங்க ஸ்டோர்ல சாமான் எண்ணிக்கிட்டு இருக்கணுமே, டூட்டி இல்லையா?

— இன்னைக்கு ஷிப்டு மாத்தி. அதை விடு. அடுப்புல வர்ற வோல்டேஜு கூடுதலா இருக்குமே, இந்தக் காத்தாடி தாங்குமா?

— தாங்காது. நடுவுல ஒரு ரெசிஸ்டர் சேத்துப் பத்த வச்சுட்டேன். செவப்பு செவப்போட, கருப்பு கருப்போட.

— ஏத்தா மேகலை! ஆச்சாத்தா?

— வாங்க பொன்னுத்தாயக்கா. ஆகிக்கிட்டே இருக்கு. உள்ள வந்து உக்காருங்க, வாசல்ல சாரல் அடிக்குது.

— உக்கார எங்கத்தா நேரம்? புள்ள வீல் வீல்னு கத்துது. சுகன்யா 'அத்தை அடுப்பு வந்துச்சா, அத்தை அடுப்பு வந்துச்சா'ன்னு என் உசுரை எடுக்குறா. நான் என்னத்தக் கண்டேன்? போன்ல ஆரு, செந்திலு தம்பியா?

— அவருதான். ஸ்பீக்கர்லதான் இருக்காரு, பேசுங்க.

— தம்பி! நல்லாருக்கியாப்பா? சாப்பிட்டியா?

— நல்லாருக்கேங்கக்கா. பேரன் வந்துட்டானாமே. யாரு சாயலு?

— நான் என்னத்தக் கண்டேன். இப்போதைக்குக் குரங்குச் சாயலு. போகப் போகத்தான் மனுசச் சாயல் வரும். தம்பி, உம் பொண்டாட்டி மட்டும் இந்த ஊர்ல இல்லேன்னா எங்க வீட்டுச் சாமான் ஒண்ணும் ஓடாதுப்பா. ஆனாலும் அந்தப் பொட்டிகளப் பாக்கும்போது எனக்குப் பெரியண்ணன் மாமன் நெனப்புதான் வரும். ஞாபகம் இருக்கா? காஷ்மீர்ல இருந்த மகன்கிட்டப் பேசணும்னு உன் கடைக்கு வந்தாரே, தலைக்கு எண்ணெய் தடவி, புதுத் துண்டு போட்டுக்கிட்டு.

— மறக்க முடியுமாக்கா. மகன் மூஞ்சி திரையில தெரிஞ்சதும் செருப்பக் கழட்டிட்டாரு.

— கையில ஒரு பொட்டலத்துல கேரட்டு கொண்டு வந்து, காமிராவுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாப் புடிச்சுக் காட்டுனாரு, 'இந்த வருசம் வெளைச்சலப் பாருடா'ன்னு. அந்தப் பய ஒரு வார்த்தை பேசல. அழுதுக்கிட்டே இருந்தான். இவரு மனுசன், 'ஏலே, படம் தெளிவா இல்ல, மூஞ்சியெல்லாம் ஈரமாத் தெரியுது'ன்னு உன்னைத் திட்டுனாரு.

— திட்டுனாரு. நானும் சரியில்ல மாமான்னு ஒத்துக்கிட்டு மானிட்டரத் தொடச்சு விட்டேன்.

— நல்ல காலம்ப்பா அது. நாலு பேரு ஒரு எடத்துல கூடுவோம். இப்ப ஆளுக்கொரு போனு, ஆளுக்கொரு மூலை. சரித்தா, பேசி நிக்கக் கூடாது. வெரசா ஆகுமா?

— இதோ, மூடிய வச்சு ஓட்டிப் பாத்துர்றேன். ஒரு சொம்பு தண்ணி அந்தச் சட்டியில ஊத்துங்கக்கா. ஊத்திட்டீங்களா? ஏங்க, கேக்குதா? சுவிட்ச் போட்டாச்சு.

— காத்தாடி சுத்துதா?

— சுத்துது. தண்ணிக்கு அடியில முத்து முத்தாக் கெளம்புது.

— ஆத்தாடி, ஆவி வருதுத்தா! தம்பி, ஆவி வருதுப்பா!

— கொஞ்சம் பொறுங்கக்கா. உடனே நம்பக் கூடாது. அஞ்சு நிமிசம் ஓடட்டும்.

— ஓடட்டும் ஓடட்டும். அதுக்குள்ள நான் போயி புள்ளய... அய்யய்யோ, கத்துதே! நின்னுருச்சே!

— நின்னுருச்சுங்க. அதே கீ கீ.

— சொல்றேன் கேளு, பதறாத. காத்தாடி இன்னும் சுத்துதா, அதுவும் நின்னுருச்சா?

— அது சுத்திக்கிட்டேதான் இருக்கு. அடுப்புதான் சூடு தாங்காம நின்னுருச்சு. காத்து வந்தும் ஏங்க சூடாகுது?

— காத்து வருதா, போகுதா?

— அட! இருங்க இருங்க. பொட்டிக்குள்ள இருந்த பூண்டுத் தொலி ஒண்ண எடுத்து அடிப்பக்கம் புடிச்சுப் பாக்குறேன்... பறக்குதுங்க. வெளிய தள்ளிக்கிட்டுப் பறக்குது.

— அதான். கம்ப்யூட்டர்ல அது முன்பக்கம் காத்த இழுத்து, பின்பக்கமாச் சூட்ட வெளிய தள்ளுற வேலையப் பாத்துச்சு. அடுப்புக்கு வெளிக்காத்த உள்ள இழுக்கணும். நீ பழைய மாதிரியே மாட்டிட்ட.

— கவுத்தி மாட்டணும்.

— கவுத்தி மாட்டு.

— மதினி வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இதைப் பாத்துப் பாத்து மாட்டுனேன். இன்னைக்கு அவசரத்துல கோட்டை விட்டுட்டேன் பாருங்க. உங்ககிட்டப் பேசிக்கிட்டே செஞ்சது.

— என் மேலயே போடு பழிய.

— வேற ஆரு மேல போட? பத்து வருசமா பழியப் போடக்கூடப் பக்கத்துல ஆள் இல்ல. அக்கா, நீங்க வீட்டுக்குப் போயி புள்ளைக்கு எண்ணெய் தடவி வைக்கச் சொல்லுங்க. நான் மாட்டி ஓட்டிப் பாத்துட்டு நானே தூக்கிட்டு வாறேன்.

— நெசமா வருமாத்தா?

— வரும்க்கா. தடவச் சொல்லுங்க.

— தம்பி, போயிட்டு வாறேன்ப்பா. சீக்கிரம் ஊருக்கு வந்து சேரு. புள்ளயத் தூக்குறதுக்காச்சும் வா.

— சரிங்கக்கா.

— போயிட்டாங்க. மூடி கழட்டிட்டேன். இப்ப சொல்லுங்க, என்னமோ சொல்லணும்னீங்களே.

— அது வந்து... கம்பெனியில இன்னும் ரெண்டு வருசத்துக்கு நீட்டிக்கிறாங்களாம். கையெழுத்துப் போடச் சொல்றாங்க. போட்டுறலாம்னு இருக்கேன்.

— அப்படியா.

— என்ன, அப்படியாங்கிற? சண்டை போடுவன்னு நெனச்சேன்.

— சண்டை போட்டு என்ன ஆச்சு? போன தடவ போட்டேன், அதுக்கு முந்தியும் போட்டேன். நீங்க நெசமாவே போடலாம்னு இருக்கீங்களா?

— ஷர்மிளா அடுத்த வருசம் காலேஜு போகணும்ல.

— அவ பேரச் சொல்லாதீங்க. அவ ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணா மொதக் கேள்வியே 'அப்பா எப்ப வர்றாரு'ன்னுதான். என்னைப் பாத்துக்கிட்டுச் சொல்லுங்க. பாக்க முடியாது, சரி, என் குரலப் பாத்துச் சொல்லுங்க. இங்க வர உங்களுக்கு இஷ்டமில்லையா?

— இஷ்டம் இல்லாமயா?

— அப்புறம் என்ன?

— வந்து நான் அங்கிட்டு என்ன பண்ணுவேன், புள்ள? காடு தம்பி பாத்துக்கிறான். இத்தனை வருசம் கழிச்சுப் போயி பங்கு கேட்டு நிக்க முடியுமா? டிரைவர் வேலைக்கு இந்த மலையில நூறு பேரு இருக்கான். எனக்குன்னு அங்க என்ன சோலி இருக்கு?

— ம்.

— நீ சிரிப்ப. ஆனா சொல்லிர்றேன். இங்க வந்து படுத்தேன்னா நான் நெனக்கிறது ஊரை இல்ல, காட்ட இல்ல. அந்த ஆறு மிஷினத்தான். சாக்குப் போத்தி வரிசையா நிக்கிற மாதிரி. என்னைக்காவது ஒரு நாள் வந்து சாக்க எடுத்து, தூசி தட்டி, சுவிட்சப் போட்டா ஆறும் ஒண்ணா உறுமும்ல, அந்தச் சத்தம். நெட் சென்டர் இனிமே ஓடாதுன்னு எனக்கும் தெரியும். கையில போனை வச்சிருக்கிறவன் எவன் வருவான்? தெரியும். இருந்தாலும், அது அங்கன நிக்கிற வரைக்கும் எனக்கு அங்க ஒரு எடம் இருக்குன்னு தோணும். நீ ஒவ்வொண்ணாக் கழட்டக் கழட்ட, எனக்கு என்னமோ என் சேரை எடுத்து வெளிய போட்ட மாதிரி இருக்கு.

— அதுக்குத்தான் தொடாத தொடாதன்னீங்களா?

— அதுக்குத்தான்.

— இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. நான் என்னமோ உங்களுக்கு மிஷின் மேலதான் ஆசைன்னு நெனச்சேன்.

— இப்ப சொல்லிட்டேன். கழட்டி முடிச்ச பெறகு.

— ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க போன மொத வருசம் நானும் அந்த ரூமப் பூட்டித்தான் வச்சிருந்தேன். வாரம் ஒருக்கா கூட்டிட்டுப் பூட்டிருவேன். எலி வந்துச்சு. மழைக்குச் செவரு ஓதம் ஏறுச்சு. ஒரு நாள் சாக்கத் தூக்கிப் பாத்தேன், பின்பக்கமெல்லாம் துரு பூத்துக் கெடக்கு. நீங்க அங்க மனசுக்குள்ள தொடச்சுத் தொடச்சு வச்சிருந்தீங்க. இங்க அது மக்கிக்கிட்டு இருந்துச்சு. நான் கழட்டல, காப்பாத்துனேன். இப்ப அது ஓடுது. இருங்க, கவுத்தி மாட்டியாச்சு. சுவிட்ச் போடுறேன்.

— தொலியப் புடிச்சுப் பாரு.

— ஒட்டிக்கிருச்சு! உள்ள இழுத்துப் புடிச்சுக்கிருச்சுங்க.

— அவ்வளவுதான். ஓட விடு. என்ன சத்தம் கேக்குது?

— போனை அடுப்புக்கிட்ட வைக்கிறேன், நீங்களே கேளுங்க... கேக்குதா?

— ம். கேக்குது.

— என்னவாம்?

— ஜன்னலோர மிஷின் சத்தம். அதேதான். நடுவுல நடுவுல ஒரு சின்னக் கிர்ரு வரும். வருது பாரு.

— தண்ணி தளதளன்னு கொதிக்குது. அஞ்சு நிமிசம் தாண்டிருச்சு. கத்தல.

— கத்தாது இனிமே. எந்திரி. கொண்டு போயிக் குடு, புள்ள அழுதுக்கிட்டு இருக்கும்.

— போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. நீங்க எடம் எடம்னு சொன்னீங்கல்ல. இந்த வீட்டுல நீங்க விட்டுட்டுப் போனதுல, கழட்டாம அப்படியே கெடக்குறது இப்ப நான் ஒருத்திதான்.

— மேகலை...

— அழுவுறீங்களா?

— இல்ல. புள்ள, அந்தக் கையெழுத்து விசயம்... அது பொய். கம்பெனியில ஆளக் கொறச்சுட்டாங்க. என் பேரும் அதுல வந்துருச்சு. போன மாசத்துல இருந்து ரூம்லதான் கெடக்கேன். வேற எங்கயாச்சும் கெடைக்குமான்னு வெயில்ல நாயா அலையிறேன். வெறுங்கையோட வந்து நிக்க வெக்கமா இருந்துச்சு. உன்கிட்டச் சொல்ல வாயே வரல.

— தெரியும்ங்க. உங்க கூட வேலை பாத்த வில்பட்டி பாலமுருகன் முந்தாநாள் ஊரு வந்து சேந்துட்டாரு, எங்க அண்ணன் போன் பண்ணிச் சொல்லுச்சு. நீங்களா வாயத் தெறக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். சென்டர் ரூமுக்கு வேலை பாக்க ஒரு மேசை அடிக்கச் சொன்னேன், ஆசாரி எத்தனை பேருக்குன்னு கேட்டாரு, ரெண்டு பேருக்குன்னு அளவு குடுத்துட்டேன்.